நாலாம் நம்பர் பச்சை

உரச் சமநிலை வாரியத்தின் வேன் நிற்பதற்கு எங்கள் வட்டாரத்தில் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான். அது என் கறிவேப்பிலைத் தோட்டத்து வாசல். எனக்கு வந்த வினை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பொறுமை இருப்பவர்கள் மீதியையும் படிக்கலாம்.

என் பெயர் ஜெயலெட்சுமி. பிறை என்கிற ஊரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபத்து நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் லைன் லீடர். ஒரு நாள் ஃபேக்டரி வியட்நாமுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிடவில்லை. கொடுத்த நஷ்டஈட்டை வைத்து நிபோங் திபாலுக்கு வெளியே இரண்டு ரெலோங் நிலம், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்தேன். மணல் கலந்த வெளிறிய மண். உரம் போடாவிட்டால் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். அதில்தான் கறிவேப்பிலை வைத்து, ஐந்து வருடம் பாடுபட்டு, பச்சைப் பசேல் என்று கொண்டுவந்தேன்.

குத்தகை நிபந்தனை லேசானதுதான். ஒவ்வொரு டிசம்பரும் சங்கத்து ஆள் வந்து பார்ப்பார். பயிர் பச்சையாக நின்றால் இன்னொரு வருடம் எழுதித் தருவார். நிற்காவிட்டால் நிலம் சங்கத்துக்கே திரும்பிவிடும். ஐம்பத்திரண்டு வயதில் என்னை வேலைக்கு எடுக்க எந்த ஃபேக்டரியும் வரிசையில் நிற்கவில்லை என்பதால் அந்த இரண்டு ரெலோங்தான் எனக்கு எல்லாமே.

நிலத்துக்கு மேல்பக்கம் ஒரு பெரிய கம்பெனியின் செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்கிற பனை. மூவாயிரம் ஏக்கர். அதற்குள்ளிருந்து வருகிற பாரிட், அந்த வடிகால்தான், என் வேலியோரமாக ஓடி, ஆற்றில் விழுந்து, கடலுக்குப் போகிறது. செம்பனைக்குள்ளே பாரிட்டை ஒட்டி முழங்கால் சேறு. எனக்குக் கீழ்ப்பக்கம் சதுப்பு. தார் ரோடு போய்ப் பாரிட்டைத் தொடுவது என் வாசலில் மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆற்று முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தது. மீனவர்கள் சத்தம் போட்டார்கள். நியாயமான சத்தம். உரம் தண்ணீரில் கலந்தால் பாசி மண்டும், பாசி மண்டினால் மீனுக்கு மூச்சு முட்டும். அதை நான் மறுக்கவே இல்லை. பயிருக்கும் வேண்டும், தண்ணீரும் கெடக்கூடாது. அதற்காக ஜார்ஜ்டவுனில் ஒரு வாரியம் அமைத்தார்கள். அதன் சின்னத்தில் ஒரு தராசு. ஒரு தட்டில் உர மூட்டை, இன்னொரு தட்டில் ஒரு மீன். மீன் சிரித்துக்கொண்டிருக்கும்.

பிப்ரவரியில் முதன்முதலாக அந்தச் சிரிக்கும் மீன் ஒட்டிய வேன் என் வாசலில் வந்து நின்றது. அஃபிக் என்கிற ஆபீசர் இறங்கினான். தமிழ் முஸ்லிம் பையன், இருபத்தாறு வயது இருக்கும், நல்ல மரியாதை தெரிந்தவன். கையில் ஒரு போத்தல்.

"அக்கா, பாரிட்லேர்ந்து ஒரு போத்தல் தண்ணி எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க தம்பி. ஆனா இங்க மட்டுமா எடுப்பே? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு எடுக்கணும்லா. உள்ள வந்தது எவ்ளோ, வெளிய போனது எவ்ளோன்னு அப்பத்தானே தெரியும்?"

"தெரியும்லா அக்கா. யூனிவர்சிட்டில நான் அதான் படிச்சேன்."

"அப்புறம் என்னா?"

"வேன்லேர்ந்து பத்து அடிக்கு மேல நடக்கக் கூடாது. எஸ்ஓபி. போன வருஷம் எங்க ஆபீசர் ஒருத்தர் பாரிட்ல விழுந்துட்டாரு."

"ஐயையோ, அடிபட்டுச்சா?"

"இல்லக்கா. ஃபோன் நனஞ்சிருச்சு."

இருபத்து நான்கு வருடத்தில் நான் லட்சக்கணக்கான சிப்புகளைச் சோதித்திருக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரே தட்டிலிருந்து மாதிரி எடுத்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை அவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே போத்தலை மூடினான்.

மார்ச்சில் கடிதம் வந்தது. பாரிட்டில் நைட்ரேட் அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்காம். மாதிரி எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விவசாயி என்ற முறையில் நான் 'சிவப்புப் பிரிவில்' சேர்க்கப்பட்டிருந்தேன். சிவப்புப் பிரிவினர் உரம் வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, தூவக் கூடாது. விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் அடையாள அட்டையை மெஷினில் செருகினார். திரையில் அந்த மீன் வந்தது. இந்த முறை சிரிக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு ஒரு பிடி பாஜா கொடுத்தாலும் என் லைசென்ஸ் போயிரும்," என்று உரத்தை மலாயில் சொல்லி, மூட்டையை என் பார்வையில் படாமல் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் குகன் மோட்டார்சைக்கிளில் என்னைப் பட்டர்வொர்த் கூட்டிப்போய், ஃபெரியில் ஏற்றி, வாரியத்தின் ஆபீசுக்கு அழைத்துப்போனார். பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஜன்னல் திறக்காது. தரை முழுக்கக் கம்பளம். மூலைக்கு மூலை தொட்டியில் செடிகள். அவ்வளவு பச்சையாக இருக்கிறதே, என்ன உரம் போடுகிறார்கள் என்று தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்.

கவுன்டரில் ஃபஸீலா என்ற பெண். அவளும் நல்ல பெண்தான். இந்தக் கதையில் வருகிற எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"சிவப்புலேர்ந்து வெளிய வரணும்னா மூணு மாசம் வரிசையா சாம்பிள் க்ளீனா வரணும் அக்கா."

"ஓடுற பாரிட்ட நான் எப்படிம்மா க்ளீனா வைக்கிறது?"

"நீங்க பாஜா போடாம இருங்க. தன்னால க்ளீனாயிடும்."

"மேல மூவாயிரம் ஏக்கருக்கு அந்தக் கம்பெனிக்காரன் போடுறானே?"

ஃபஸீலா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "அவங்க பச்சைப் பிரிவு அக்கா. அவங்க தோட்டத்துலேர்ந்து ஒரு சொட்டுகூட வெளிய வரலன்னு சர்ட்டிஃபிகேட் இருக்கு."

"யாரு டெஸ்ட் பண்ணது?"

"அவங்களேதான். அவங்ககிட்ட சொந்த லேப் இருக்கு."

"உங்ககிட்ட?"

"இல்லக்கா. எங்க போத்தலயும் அவங்கதான் டெஸ்ட் பண்ணித் தர்றாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: "ஃப்ரீயா."

நான் குகனைப் பார்த்தேன். அவர் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பிரிவினருக்கு ஒரு பயிற்சி முகாம் இருக்கிறது, அதற்குப் போனால் கோப்பில் நல்ல பேர் விழும் என்று சொல்லி ஃபஸீலா ஒரு போராங் நீட்டினாள். போராங் என்றால் படிவம். பதினான்கு பக்கம். அதில் 'உரத்தைப் பற்றிய உங்கள் உணர்வுகள்' என்று அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். 'வேண்டும்' என்று எழுதினேன்.

முகாம் பத்து ஃபிரிங்கி என்கிற கடற்கரை ஊரில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நடந்தது. தலைப்பு 'உரத்தோடு நல்லுறவு'. என்னைப் போலச் சிவப்புக்காரர்கள் முப்பது பேர். கீரை போடுகிறவர்கள், வாழை போடுகிறவர்கள், மாடியில் நான்கு தொட்டியில் மிளகாய் வைத்து மாட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். எல்லாருடைய வாசலிலும் ரோடு நன்றாக இருந்திருக்கும் போல.

முதலில் கூச்சம் போக்கும் விளையாட்டு. ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். டீச்சர் நைட்ரஜன். நான் பாஸ்பரஸ். ஒரு வாழைக்காரர் ஆறு. நாங்கள் ஆற்றின் தோளைத் தொட்டு, "மன்னிச்சிரு ஆறே, இனிமேல் அளவாக வருவேன்," என்று சொல்ல வேண்டும். ஆறு கைகுலுக்க வேண்டும். எங்கள் ஆறு பாவம் வெட்கப்பட்டுக்கொண்டு தரையையே பார்த்தது. நான் சொன்னேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உடம்பில் எந்த இடமோ மரத்துப்போக ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வாரியத்தின் தலைமை இயக்குநர் டாக்டர் ஸுல்கிஃப்லி பேசினார். மலாயில் பேசினார். கீழே இருப்பது என் தமிழ். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

"எங்களைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், இரண்டு வருடத்தில் எத்தனை வடிகாலைச் சுத்தம் செய்தீர்கள் என்று. நண்பர்களே, ஒன்றைக்கூட இல்லை. இதைத் தலை நிமிர்ந்து சொல்கிறேன். சுத்தம் செய்வது எங்கள் அதிகாரத்தில் இல்லை. நாங்கள் அளக்கிறோம். போன வருடம் நானூறு போத்தல் அளந்தோம், இந்த வருடம் ஆயிரத்து இருநூறு. அளவைப் பார்த்து மீன் பயப்படுவதில்லை என்கிறார்கள். ஆனால் விவசாயி பயப்படுகிறான். அதுவே எங்கள் வெற்றி. சமநிலை என்றால் இரண்டு பக்கமும் சமமாக இருப்பது என்று நினைக்கிறீர்கள். தவறு. எந்தப் பக்கத்திலிருந்தும் புகார் வராமல் இருப்பதே சமநிலை. பெரிய நிறுவனங்கள் எங்களிடம் புகார் செய்வதே இல்லை என்பதை நன்றியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டினோம். நானும் தட்டினேன், பக்கத்தில் எல்லாரும் தட்டினார்கள்.

போகும்போது ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு தொப்பி, ஒரு பேனா, முகாமுக்குப் பணம் கொடுத்த உரக் கம்பெனியின் அன்பளிப்பாக இரண்டு கிலோ உரம். வாசலில் இன்னொரு மேசை. சிவப்புப் பிரிவினர் உரம் வைத்திருக்கக் கூடாது என்பதால் அங்கே அந்த இரண்டு கிலோவைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொடுக்கும் மேசைக்கும் வாங்கும் மேசைக்கும் நடுவில் ஆறு அடி. அந்த ஆறு அடியும் நாங்கள் சட்டத்தை மீறிக்கொண்டு நடந்தோம்.

மே மாதம் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. முதலில் அடியிலை, அப்புறம் நடு, அப்புறம் கொழுந்து. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் நூர் முகம்மது அண்ணன்தான் என் பெரிய வாடிக்கை. செவ்வாய், வியாழன், சனி குகன் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அண்ணன் ஃபோன் பண்ணினார்.

"தங்கச்சி, மீன் கறிக்கு மஞ்சத்தூளு நானே போட்டுக்குறேன். நீ பச்சையா அனுப்பு."

"வாரியத்துல உரம் போடக் கூடாதுன்னுட்டாங்க அண்ணே."

"அது யாரு வாரியம்? அவங்க என் கடையிலதான சாப்புடுறாங்க! வெள்ளிக்கிழமை வந்தா கறியில இலையே காணோம்னு என்னையத்தானே கேப்பாங்க?"

மார்ச், ஏப்ரல், மே. மூன்று போத்தலும் சிவப்பு. நான் ஒரு பிடி உரம் போடவில்லை. மேலே செம்பனைக்கு டிராக்டர் டிராக்டராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாரியத்திலிருந்து வந்த கடிதத்தில், 'நீங்கள் உரம் போடவில்லை என்கிறீர்கள், தண்ணீர் வேறு சொல்கிறது, வாரியம் தண்ணீரையே நம்புகிறது' என்று இருந்தது. படித்து முடித்துவிட்டு வேலியோரம் போய் உட்கார்ந்தேன். அழலாம் என்றுதான் போனேன். அழுகையும் வரவில்லை.

குகன் வந்து பக்கத்தில் நின்றார். அவர் ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசுகிறவர். பாரிட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இதுலதான் மூணு மடங்கு பாஜா ஓடுதுன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்களே. அள்ளி ஊத்துலா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்து நான்கு வருடம் தரம் பார்த்தவளுக்கு இது தோன்றவில்லையே! அன்றைக்கே ஒரு பழைய பம்ப் வாங்கி வைத்தோம். மழை குறைந்திருந்த காலம், பாரிட்டில் தண்ணீர் மெல்லிசாகத்தான் ஓடியது. அதில் பெரும்பகுதியை இழுத்துச் செடிக்கு விட்டேன். மூன்று வாரத்தில் கொழுந்து திரும்பியது. ஒரு மாதத்தில் தோட்டமே கண் திறந்த மாதிரி ஆனது. அலங்கார மீன் கடையில் நைட்ரேட் பார்க்கிற தாள் கிடைக்கும். அதை வாங்கி மேலேயும் கீழேயும் நனைத்துப் பார்த்தேன். மேலே கருஞ்சிவப்பு. என் தோட்டத்தைத் தாண்டி, வேன் நிற்கும் வாசலுக்கு வரும்போது வெளிர் ரோஜா. தூக்கி எறிய வேண்டிய உரத்தை என் செடி தின்றுவிட்டுத் தண்ணீரை விட்டிருக்கிறது! சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி கோழிக்கறி வைத்தேன்.

ஜூலை போத்தலில் அளவு முதன்முறையாக இறங்கியது. அஃபிக்கே ஃபோன் பண்ணி, "அக்கா, சூப்பர்லா!" என்றான். அடுத்த வாரம் வாரியத்தின் கடிதம் வந்தது. தலைப்பு: 'சந்தேகத்துக்குரிய முன்னேற்றம்'. எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாத ஒரு வடிகாலில் அளவு இறங்கியிருப்பது வழக்கத்துக்கு மாறானது, ஆகவே விசாரணை நடக்கும்.

அஃபிக் மறுபடியும் வந்தான். இந்த முறை கையில் ஓர் அட்டை. அதில் ஆறு பச்சைக் கோடுகள், வெளிறிய மஞ்சள் பச்சையிலிருந்து கரும்பச்சை வரைக்கும், ஒன்று முதல் ஆறு என்று நம்பர் போட்டு. என் செடியில் ஓர் இலையை மெதுவாகப் பிடித்து அட்டையில் வைத்தான். முகம் மாறிவிட்டது.

"அக்கா... நாலாம் நம்பர்."

"நல்லதுதானே தம்பி?"

"சிவப்புப் பிரிவுக்கு ரெண்டு வரைக்கும்தான் பெர்மிஷன்."

"என்னா சொல்றே? என் இலை ரொம்பப் பச்சையா இருக்குன்னா?"

"ஆமாக்கா. பாஜா போடாத இலை ரெண்டுக்கு மேல வராதுன்னு கைடுலைன்ல இருக்கு. நாலு வந்தா நீங்க போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்." அவனுக்கே கஷ்டமாக இருந்தது. வெயிலில் வைத்தால் வேறு நம்பர் வருமா என்று ரோட்டோரம் கொண்டுபோய்ப் பார்த்தான். வெயிலில் ஐந்து வந்தது. சட்டென்று நிழலுக்குத் திரும்பிவிட்டான்.

செப்டம்பரில் விசாரணை. அதே பதினோராவது மாடி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஸுல்கிஃப்லியும் சட்ட அதிகாரி நூருல் ஹுதாவும். அந்தம்மா தமிழிலேயே பேசினார்.

நான் தாள்களை மேசையில் பரப்பினேன். மேலே எடுத்தது, கீழே எடுத்தது, தேதி போட்டு, நேரம் போட்டு, ஃபேக்டரியில் எப்படிச் செய்வோமோ அப்படி. பாரிட் தண்ணீரைத்தான் விட்டேன், உரம் வாங்கவில்லை, என் தோட்டம் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிறது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பேசியதே இல்லை.

நூருல் ஹுதா தாள்களைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கம்மா," என்றார். மனதாரத்தான் சொன்னார். அப்புறம் ஒரு கோப்பைத் திறந்தார். "செம்பனைக் கம்பெனிகிட்ட விளக்கம் கேட்டோம். பதில் வந்திருக்கு. வாசிக்கிறேன். 'எங்கள் தோட்டத்திலிருந்து எந்த உரமும் வெளியேறுவதில்லை. அப்படி வெளியேறியிருந்தால் அது எங்கள் உடைமை. அதை எங்கள் அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்தியவர்மீது நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம்.'"

"ரெண்டுல எதும்மா உண்மை?"

"ரெண்டையும் கோப்புல சேத்துக்கிட்டோம்."

டாக்டர் ஸுல்கிஃப்லி கண்ணாடியைக் கழற்றினார். அன்பாகத்தான் பேசினார். இதுவும் என் தமிழ்.

"அம்மா, நீங்கள் மாசைக் குறைத்தீர்கள் என்பதை வாரியம் மறுக்கவில்லை. எங்கள் போத்தலே அதைச் சொல்கிறது. ஆனால் குறைக்கச் சொல்லி யார் உங்களைக் கேட்டது? இந்த அளவை வைத்துத்தான் அடுத்த வருடத்துக்கு ஆள் கேட்டிருக்கிறோம், வேன் கேட்டிருக்கிறோம். நீங்கள் ஒரு பம்பை வைத்து அதை இறக்கினால் நாங்கள் எதை அளப்பது? ஊரில் ஆளுக்கொரு பம்ப் வைத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். பிறகு ஒழுங்கு என்ன ஆகும்?"

தீர்ப்பு: பம்புக்குச் சீல். இனி என் தோட்டத்தைப் போத்தலை வைத்து அல்ல, இலையின் நிறத்தை வைத்து மதிப்பிடுவார்கள். இரண்டாம் நம்பருக்குள் நிற்க வேண்டும்.

வெளியே வந்ததும் ஃபஸீலா ஓடிவந்து, "அக்கா, சம்மன் போடல, அபராதம் இல்ல, அதுவே பெருசு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்றேன். ஃபெரியில் குகன் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை போட்டிருந்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

அஃபிக்தான் வந்து சீல் வைத்தான். பம்பின் மேல் சிரிக்கிற மீன் ஸ்டிக்கர். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. மணலில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும் அடித்துக்கொண்டு போனது. இலை இரண்டாம் நம்பருக்கு வந்தது. ஒன்றுக்கு வந்தது. அப்புறம் உதிர ஆரம்பித்தது. நூர் முகம்மது அண்ணன் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார், பெருநாளைக்குப் பிரியாணி அனுப்புவதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நவம்பர் கடைசியில் அஃபிக் அட்டையோடு வந்தபோது, பிடித்துப் பார்க்க ஓர் இலைகூட இல்லை. குச்சி குச்சியாக நின்றது. அவன் ஒவ்வொரு வரிசையாக நடந்தான், வேனிலிருந்து பத்து அடி என்பதையும் மறந்து. கடைசியில் டேப்லெட்டில் பூஜ்யம் என்று தட்டினான். டேப்லெட் ஒரு மணியடித்தது. திரை முழுக்கப் பச்சை.

"என்னாச்சு தம்பி?"

"முழு இணக்கம்னு வருதுக்கா." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கள பச்சைப் பிரிவுக்கு மாத்திருச்சு. இனிமே நீங்க பாஜா வாங்கலாம்."

வாங்கினேன். அடுத்த நாளே போய் வாங்கினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார். செடிக்குச் செடி போட்டேன். ஆனால் கறிவேப்பிலைக்கு வாரியத்தின் தேதியும் சங்கத்தின் தேதியும் தெரியாது. டிசம்பர் ஒன்பதாம் தேதி சங்கத்து ஆள் வந்தபோது நுனியில் கொழுந்து ஊசி ஊசியாகக் கிளம்பியிருந்தது. குனிந்து பார்த்தார். "இன்னும் மூணு வாரம் இருந்திருந்தா எழுதிக் கொடுத்திருப்பேன்மா," என்றார். நிபந்தனையை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினார். எனக்கு அது மனப்பாடம்.

நிலத்தைச் சங்கம் வாரியத்துக்கே கொடுத்துவிட்டது. செடியைப் பிடுங்கிவிட்டு, சரளைக்கல் கொட்டி, 'நிரந்தர நீர் அளவீட்டு மையம்' என்று பலகை வைத்தார்கள். அங்கே இப்போது நான்கு வேன் தாராளமாக நிறுத்தலாம்.

எனக்கு வேலை கிடைத்தது. மேலே செம்பனைத் தோட்டத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம். உரம் போடுகிற வேலை. தோளில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, மரத்துக்கு இத்தனை கோப்பை என்று அடியைச் சுற்றித் தூவிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மூட்டை முடிக்க வேண்டும் என்று கணக்கு. ஏப்ரலில் ஒரு நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் போட்டால் அத்தனையும் பாரிட்டுக்குத்தான் போகும் என்று மண்டோரிடம் சொன்னேன். வேலையை மேற்பார்க்கிற அவர் என்னைவிடக் களைத்துப் போயிருந்தார். "தெரியும்மா. மூட்டைய முடிச்சாத்தான் கையெழுத்து," என்றார். முடித்தேன். மழை கொட்டியது. நான் போட்டதெல்லாம் வெள்ளை நுரையாகப் பாரிட்டில் இறங்கிப் போவதை நின்று பார்த்தேன். அது பாட்டுக்குப் போனது.

மறுநாள் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் திரும்பும்போது அளவீட்டு மையத்தில் அஃபிக் போத்தலோடு நின்றான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். என் கையில், சட்டையில், தலைமுடியில் எல்லாம் உரத்தூள். அவன் கவனித்தானோ இல்லையோ தெரியாது.

"அக்கா, நல்ல வேளை வந்தீங்க. ஒரு சின்ன பிரச்சனை." டேப்லெட்டைக் காட்டினான். "இந்தப் பாயின்ட்ல மாசுக்குக் காரணம் யாருன்னு ஒரு பேரு கேக்குது. காலியா விட்டா அனுப்ப மாட்டேங்குது. இங்க இப்ப விவசாயியே இல்ல. சிஸ்டத்துல உங்க பேருதான் இன்னும் இருக்கு. டிசம்பர்லேர்ந்து மாசா மாசம் அதையே போட்டு அனுப்பிட்டிருக்கேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "தப்புன்னு தெரியும்க்கா. ராத்திரில தூக்கம் வரல. இன்னைக்கு டாக்டர்கிட்ட பேசி எடுத்துரலாம்னு இருக்கேன். பொய்க்கு ஒரு அளவு இருக்குல்ல?"

நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டேன். டேப்லெட்டை வாங்கி என் பெயரைப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் சரியாகத்தான் இருந்தது. அடையாள அட்டை எண்ணும் சரி.

"எடுக்க வேணாம் தம்பி," என்றேன். "இந்த மாசம் உண்மைதான்."